ஆலங்கட்டி விழுந்த வருஷம்

"என் புத்தகம் யாருக்கும் பிடிக்கலை," என்றார் எழுத்தாளர் லொரென்சோ.

"எல்லாரும் நல்லா இருக்குன்னுதானே சொன்னாங்க?" என்றாள் புரூனா.

"அதைத்தான் சொல்றேன்."

லொரென்சோவுக்கு அறுபத்திரண்டு வயது. பதினோரு நாவல் எழுதிப் பேர் வாங்கியவர். வட இத்தாலி மலைச்சரிவுகளில் பரம்பரையாக ஒயின் தயாரிக்கும் குடும்பங்களின் வாழ்க்கையில் மனசைப் பறிகொடுத்து, புரூனாவின் வீட்டு மாடியில் மூன்று மாதமாகத் தங்கி எழுதிக்கொண்டிருந்தார்.

புரூனாவுக்கு வயது அவரில் பாதிதான். ஆனால் ஒயின் விஷயத்தில் அந்த வட்டாரத்துக்கே அவள் நாக்குதான் தீர்ப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டு வேளையில், லொரென்சோ அவளுடைய அப்பா குவிதோவைப் பற்றிய அத்தியாயத்தை வாசித்துக் காட்டியிருந்தார். ஆலங்கட்டி மழை திராட்சைத் தோட்டத்தையே சிதைத்துப் போட்ட வருஷம், குவிதோ மலை மாதிரி அசையாமல் நின்று குடும்பத்தைக் காப்பாற்றிய அத்தியாயம்.

"அருமை," என்றார் குவிதோ. "அந்த ரொட்டியை இப்படித் தள்ளுங்க."

அவ்வளவுதான்.

"எங்கே குறை? நீயாவது சொல்லும்மா," என்றார் லொரென்சோ.

புரூனா எழுந்தாள். நிலவறைக்குக் கூட்டிப் போனாள். மூலையில் கிடந்த சின்னப் பீப்பாயிலிருந்து ஒரு கிளாஸ் பிடித்துக் கொடுத்தாள்.

குடித்தார். ஒரு கண் தானாக மூடித் திறந்தது.

"எப்படி இருக்கு?"

"ஆகா! என்ன மணம்! உங்க குடும்பத்துக் கைராசின்னா சும்மாவா?"

"இது வினிகர். பச்சைக் கீரையில ஊத்திக்கிறது."

லொரென்சோவுக்குக் காது சிவந்துவிட்டது.

"நாக்குல பட்டதுமே புளிச்சுது புரூனா. சொன்னா நீ வருத்தப்படுவியேன்னு…"

அவள் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தாள். படியேறிப் போய்விட்டாள்.

அவர் அங்கேயே நின்றார்.

அந்த ஆலங்கட்டி வருஷத்தைப் பற்றிப் புரூனாவின் அம்மா ரொசால்பா வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னது ஞாபகம் வந்தது. கேட்ட அன்று வயிறு வலிக்கச் சிரித்திருந்தார். எழுதும்போதுதான் விட்டுவிட்டார்.

மாடிக்குப் போய் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டார்.

அடுத்த ஞாயிறு. மேசையைச் சுற்றி உற்றார் உறவினர் பதினாலு பேர். குவிதோ முன்கோபி. கோபம் வந்தால் விருந்தாளி என்றும் பார்க்க மாட்டார். லொரென்சோ எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் இறங்கி வந்தார்.

புதிதாக எழுதியதை வாசித்தார்.

"ஆலங்கட்டி விழுந்து ஓய்ந்ததும் குவிதோ தங்கை வீட்டுக்கு ஓடிப்போய்ப் போர்வைக்குள் சுருண்டுகொண்டார். மூன்று நாள் வெளியே தலைகாட்டவில்லை. மிஞ்சிய குலைகளை ரொசால்பாதான் ஒற்றை ஆளாகப் பறித்தாள். அவர் திரும்பி வந்து வாசலில் நின்றபோது ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூடையை நீட்டினாள்."

ஒரு கரண்டி அசையவில்லை. யாரும் ரொட்டி கேட்கவில்லை.

ரொசால்பா தலையைக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

குவிதோ எழுந்தார். முகம் ரத்தமாய்ச் சிவந்திருந்தது. மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டார். கிளாஸ்கள் துள்ளின.

"மூணு நாளா? எவன் சொன்னான்? ரெண்டே நாள்!"