யார் வளர்த்த பூ?

“தாயே, இந்த நந்தவனம் இனி என்னால் ஆகாது!”

குற்றாலிங்கம் அண்ணாச்சி மண்வெட்டியைத் தூக்கி எறிந்த வேகத்தில் என் குழம்புச் சட்டி தப்பியது பெரிய காரியம்.

நான் மடத்தில் சமைக்கிறவன். ஆறு மாதமாக இந்த மனுஷனோடு படுகிற பாட்டை யாரிடம் போய்ச் சொல்ல?

மகளுக்குக் குழந்தை பிறந்தால் தன் கையால் வளர்த்த மல்லிகையில் சாமிக்கு ஒரு மாலை என்று நேர்ந்துகொண்டவர். குழந்தை பிறந்துவிட்டது. நாளைக்குப் பங்குனி உத்திரம். காலை பஸ்ஸில் மகளும் பேத்தியும் வருகிறார்கள். நந்தவனத்தில் ஒரு மொட்டு இல்லை.

கடையில் வாங்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. எங்கள் மடத்து வழக்கம் அப்படி. மாலை கொடுப்பவர் சந்நிதியில் நின்று, யார் வளர்த்த பூ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் பூசாரி கையில் வாங்குவார்.

மடத்துத் தலைவி தாயார் உலகம்மைக்கு அண்ணாச்சியைவிட இருபது வயது குறைவு. பொறுமையும் கொஞ்சம் குறைவுதான்.

“என்ன குறை வச்சீங்க அண்ணாச்சி?”

“ஒரு குறையும் வைக்கலையே! சாமிக்குப் பூக்கிற மண்ணு சுத்தமா இருக்கணும்னு சல்லடையில சலிச்சேன். மஞ்சத்தண்ணி தெளிச்சேன். எறும்பு வரக்கூடாதுன்னு சுண்ணாம்பு போட்டேன்.”

“சாணம்?”

“பச்சையாவா? சிவ சிவா! திருநீறாச் சுட்டுல்ல போட்டேன்.”

தாயார் ஒரு பிடி மண்ணை அள்ளினார். விரல் இடுக்கில் மாவாக உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தார். மண் வாசனையே இல்லை.

“இதுல முன்னால என்னல்லாம் இருந்துச்சு?”

“அதை ஏன் கேக்கீங்க! மண்புழு, மரவட்டை, கரையான், காளான், அழுகின இலை. அத்தனையும் பொறுக்கி வெளிய போட்டுட்டேன்.”

“எங்க போட்டீங்க?”

“சுவருக்கு அந்தப் பக்கம். எச்சில் இலைக் குழியில.”

“அதுக அங்க என்ன செய்யுதுன்னு பாத்தீங்களா?”

“அதைப் போயி எதுக்குத் தாயே பாக்கணும்?”

பார்த்திருக்க மாட்டார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கூடையைச் சுவருக்கு மேலே கவிழ்ப்பார். நேரே கிணற்றடிக்குப் போய்க் குளிப்பார்.

“போய்ப் பாருங்க.”

“அங்கயா? நானா? மாட்டேன்.”

தாயார் அண்ணாச்சி கையிலிருந்த ருத்திராட்ச மாலையை வெடுக்கென்று பிடுங்கினார். சுவருக்கு அந்தப் பக்கம் வீசினார்.

“ஐயோ!”

“எடுத்துட்டு வாங்க.”

அண்ணாச்சி முணுமுணுத்துக்கொண்டே பின்வாசல் வழியாகச் சுற்றிப் போனார். திட்டியது தாயாரையா என்னையா என்று தெரியவில்லை. வழக்கமாக என்னைத்தான்.

போனவர் திரும்பவில்லை. தாயார் சுவரோரம் போய்க் கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, ருத்திராட்சம் கிடைச்சுதா?”



நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். மூக்கில் கட்டிய துண்டு கழுத்துக்கு இறங்கியிருந்தது. ஐப்பசியில் பட்டுப்போனது என்று அவர் பிடுங்கி எறிந்த மல்லிகை, குழி ஓரத்து முருங்கையில் ஏறிக் கிடந்தது. கொடி கொள்ளாத மொட்டு. ருத்திராட்சம் அதில்தான் தொங்கியது.

எனக்கு முன்னமே தெரியும். இரண்டு தடவை சொல்லப் போனேன். எச்சில் இலை எடுத்த கையோடு கிட்ட வராதே என்று விரட்டினார். எக்கேடோ கெடட்டும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணாச்சி குனிந்து கொடியின் தூரைக் கிளறினார். கருகருவென்று ஈர மண். ஒரு மண்புழு நெளிந்து உள்ளே போனது. கையை உதறுவார் என்று பார்த்தேன். உதறவில்லை.

“தாயே,” என்றார் சுவரைப் பார்த்து. “இது எச்சில் குழியாச்சே. இந்தப் பூவை எப்படிச் சாமிக்கு...”

“வேண்டாம்னா விடுங்க. பேத்திகிட்ட நீங்களே சொல்லிக்கிடுங்க.”

அவ்வளவுதான். தாயார் உள்ளே போய்விட்டார். மனுஷன் அந்தக் குழியோரத்தில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். சாப்பிடவும் வரவில்லை. அடுப்பில் சோறு குழைந்தது.

விடியற்காலையில் அவரே பறித்து, அவரே கட்டினார்.

சந்நிதியில் கூட்டம். மகள் குழந்தையோடு முன்வரிசையில் நின்றாள். பூசாரி வழக்கப்படி கேட்டார்.

“யார் வளர்த்த பூ?”

அண்ணாச்சி வாயைத் திறந்தார். மூடினார். மகள் அவரைப் பார்த்தாள். தன் பேரைச் சொன்னால் நேர்ச்சை முடிந்தது. சொல்லித் தொலையுமே என்று எனக்குப் பதறியது.

“நான் இல்லை,” என்றார். “நான் கொன்ன செடி இது. மண்புழு வளர்த்தது. மரவட்டை வளர்த்தது. எறும்பு, கரையான், காளான்...”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. விரலை மடக்கி மடக்கி யோசித்தார். பூசாரி நீட்டிய தட்டு நீட்டியபடி இருந்தது.

திடீரென்று திகைத்துப்போய்த் தாயாரைத் திரும்பிப் பார்த்தார்.

“தாயே, கண்ணுக்கே தெரியாததும் அந்த மண்ணுல எவ்வளவோ இருக்குமே! அதுக பேரெல்லாம் எனக்குத் தெரியாதே!”

“தெரியாதுன்னு சொல்லிட்டு மாலையைக் குடுங்க அண்ணாச்சி. வாடுது.”