செண்பகத்தின் பதினாறு பக்கங்கள்

"இந்தக் கம்ப்யூட்டர் என்னோடதா, அவனோடதா டீச்சர்?"

கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு கேட்டார் இசக்கியப்பன். கோர்ட்டில் முப்பத்தாறு வருஷம் டைப்பிஸ்ட். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் பாஸ்.

ஜெபராணிக்கு அவரைவிட இருபத்தைந்து வயது குறைவு. ஆனால் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அந்த மாடியறைக்கு வருகிற எல்லோருக்கும் அவள் டீச்சர்தான்.

"யாரு அவன்?"

"உள்ள உக்காந்திருக்கானே, அவன். புளியக் கரைச்சு வச்சுட்டு அடுத்து என்னன்னு பாக்கப் போறேன். 'புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், அணைக்காதீர்கள்'ங்கான். முப்பது சதவீதம். முக்கால் மணி நேரமா அதே முப்பது சதவீதம். நேத்து ரசம் இல்ல."

"கம்ப்யூட்டர்ல உங்களுக்கு என்னென்ன வேணும்?"

"ஒரே ஒரு ஃபைல்."

அது எந்த ஃபைல் என்று ஜெபராணிக்குத் தெரியும்.

அவர் மனைவி செண்பகம் படுக்கையில் விழுந்த பிறகு, தான் போனால் இந்த மனுஷன் பட்டினி கிடப்பாரே என்று ஒவ்வொரு சமையலாகச் சொன்னாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து அடித்தார். சாட்சி சொல்வதை ஒரு சொல் விடாமல் அடித்துப் பழகிய கை. அவள் நடுநடுவே திட்டியதையும் சேர்த்தே அடித்துவிட்டது.

பதினாறு பக்கம். அப்புறம் அவள் இல்லை.

"அப்போ அவனத் தூக்கிட்டு லினக்ஸ் போட்டுடறேன் சார். உங்களக் கேக்காம ஒரு காரியம் செய்யாது."

"செண்பகத்துக்கு நேர் எதிர்னு சொல்லுங்க."

அன்று சாயங்காலமே பழையதை முழுக்கத் துடைத்துவிட்டுப் புதியதைப் போட்டுக் கொடுத்தாள். ஃபைலை மட்டும் எடுத்து வைத்திருந்து, திரும்ப உள்ளே வைத்தாள்.

மறுநாள் கடை திறக்கும்போதே கீழே ஆட்டோ நின்றது. கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறங்கத் தோன்றவில்லை அவருக்கு.

"போச்சு டீச்சர். எல்லாம் போச்சு."

மேலே கொண்டுவந்து இணைத்துப் பார்த்தாள். ஃபைல் திறந்தது.

vd;d Kopf;fpwPq;f

பதினாறு பக்கமும் இப்படித்தான்.

"பழையவனையே போட்டுக் குடுங்க. ரசம் இல்லாட்டியும் பரவாயில்ல. அவ சொன்னதுக்கு வேற நகல் என்கிட்ட கிடையாது."

ஜெபராணி திரையைப் பார்த்தாள். அவர் விரல்களைப் பார்த்தாள்.

"நீங்க அடிச்சது பழைய தமிழ் ஃபான்ட். கம்ப்யூட்டர் உள்ள எழுதி வச்சுக்கிட்டது நீங்க தட்டுன கீயில இருக்கற இங்கிலீஷ் எழுத்துதான் சார். அதுக்கு மேல தமிழப் போத்திக் காட்டினது அந்த ஃபான்ட். பழையதைத் துடைக்கும்போது போர்வையும் போயிடுச்சு. தப்பு என்னோடது, பாக்காம விட்டுட்டேன்."

"போர்வை போனா ஆளும் போயாச்சா?"

கீபோர்டின் வயரைப் பிடுங்கினாள். கீபோர்டை அவர் மடியில் வைத்தாள்.

"அடிங்க."

"வயரப் புடுங்கிட்டு அடிங்கன்னா?"

"ஃபைல்ல எதுவும் மாறிடக் கூடாதுல்ல சார். திரையில இருக்கறத அப்படியே அடிங்க."

"இது தமிழும் இல்ல, இங்கிலீஷும் இல்ல. ஒரு எழவும் புரியலையே."

"கோர்ட்ல புரிஞ்சுதான் அடிச்சீங்களா?"

இசக்கியப்பன் முறைத்தார். ஆனாலும் விரல்கள் தாமாகவே போய்த் தங்கள் இடத்தில் உட்கார்ந்தன. கண் திரையில். கீபோர்டைப் பார்த்து அடித்த வழக்கம் அவருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.

v. இடது ஆட்காட்டி விரல்.

d. இடது நடுவிரல்.

அரைப்புள்ளி. வலது சுண்டுவிரல்.

மறுபடி நடுவிரல்.

விரல்கள் நின்றன.

"என்ன," என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லலையே சார்."

"நீங்க இல்ல."

அடுத்த சொல்லை அடித்தார். அதற்கடுத்ததை அடித்தார். உயிரில்லாத கீபோர்டு மடியில் டக் டக்கென்றது. வாய் மெதுவாகப் பின்தொடர்ந்தது.

"என்ன முழிக்கிறீங்க... எலுமிச்சம்பழம் அளவு புளி... உங்க எலுமிச்சம்பழம் இல்ல, என் எலுமிச்சம்பழம்... ஐய, இதையுமா அடிக்கிறீங்க..."

சிரித்துவிட்டார். கண்ணைத் துடைக்கக் கை வரவில்லை. கை வேலையாக இருந்தது.

ஜெபராணி அலமாரியைக் குடைந்து ஒரு பென் டிரைவோடு வந்தாள்.

"அந்தப் பழைய ஃபான்ட் என்கிட்ட இருக்கு சார். இதுலயும் போட்டுக்கலாம். ஒரே நிமிஷத்துல பதினாறு பக்கமும் தமிழாயிடும். போடட்டுமா?"

இசக்கியப்பன் திரும்பாமலே இடது கையை மட்டும் உயர்த்தினார்.

"கொஞ்சம் இருங்க டீச்சர். அவ பேசிக்கிட்டு இருக்கா."