வடிவம்மையார் வைத்த வெல்லம்

வடிவம்மையார் தொண்டு செய்த இடம் கோயில் அன்று. தென்சீமையில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகம். காலையில் பூட்டைத் திறந்து, வெயில் பார்த்துச் சன்னல்களைத் திறப்பார். ஆவணக் கட்டுகளின் மேல் படிந்த தூசியை மெல்லிய தூரிகையால் துடைப்பார். ஆராய்ச்சி மாணவர்கள் கேட்டதைத் தள்ளுவண்டியில் கொண்டு வைப்பார். அவர்கள் கலைத்துப் போட்டதை மறுபடி அடுக்கி நாடாவால் கட்டுவார். யாராவது தம் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைக் கொண்டு வந்து இறக்கினால், உள்ளே நமுத்துக் கிடக்கும் காகிதங்களை ஒவ்வொன்றாக விரித்து உலர்த்துவார். சம்பளம் கைக்கும் வாய்க்கும் சரியாக இருந்தது. கணவர் போன பிறகு அவருக்கென்று இருந்த ஒரே துணை, பல்கலைக்கழக வாசலில் வேம்படியில் அமர்ந்திருந்த பிள்ளையார்தான். அவர் முன் ஒரு வெல்லக்கட்டியை வைத்துக் கும்பிட்ட பிறகே பச்சைத் தண்ணீர் குடிப்பார்.

"கோயிலுக்கு வாறியளா, வேலைக்கு வாறியளா?" என்று அலுவலகத்தார் கேலி பேசினார்கள். அம்மையாருக்குக் கூசிப்போயிற்று. சாமியை விடவும் மனமில்லை, தினமும் ஏச்சு வாங்கவும் தெம்பில்லை. ஆகவே ஒரு பிள்ளையார் படத்தைக் கொண்டுவந்து, கட்டுகள் இருக்கும் அறையில் கடைசி அலமாரிக்குப் பின்னால் வைத்து, அங்கேயே வெல்லம் படைக்கத் தொடங்கினார். தின்பண்டம் எதுவும் அந்த அறைக்குள் நுழையக் கூடாது. வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவரே அம்மையார்தான். ஆனால் அந்த வெல்லம் தின்பண்டம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அது சாமிக்கு உள்ளதல்லவா?

சாமிக்கு வைத்தால் அவர் வாகனம் சும்மா இருக்குமா? எலி வந்தது. வெல்லம் தீர்ந்ததும், பக்கத்தில் இருந்த பழைய குளங்களின் வரைபடக் கட்டைக் குதறித் தின்றது.

பழி தளவாய் மேல் விழுந்தது. கிழிந்த தாள்களை மைதாப் பசை காய்ச்சி ஒட்டும் தற்காலிக ஊழியர் அவர். பசைச் சட்டியை அவர் திறந்து போட்டதால்தான் எலி வந்தது என்று முடிவு கட்டிய இயக்குநர், இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"நான் மூடித்தான் வச்சேன் யக்கா. ஒங்களுக்குத் தெரியும்லா?" என்றார் தளவாய்.

அம்மையாருக்குத் தெரியும். ஆனாலும் வாய் திறக்கவில்லை. தம் வேலையும் போய்விடுமே என்ற பயம் நாக்கைக் கட்டிப் போட்டது.

மறுநாள் காலை, வேம்படிப் பிள்ளையாரை நிமிர்ந்து பார்க்க முடியாமல் திருடியைப் போலத் தலைகுனிந்து கடந்து போனார். காப்பகத்தில் தளவாயின் பசைச் சட்டி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு மேல் தாங்கவில்லை. நேரே இயக்குநர் அறைக்குப் போனார்.

"உள்ள வெல்லம் வச்சது நாந்தான் சார். தளவாய் மேல ஒரு குத்தமும் கெடையாது. நேத்தே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

இயக்குநர் தளவாயைத் திரும்ப அழைத்துக்கொண்டார். அம்மையாரை வாசல் கூட்டும் வேலைக்கு மாற்றினார். அலுவலகத்தார் சிரித்தார்கள். "விடுங்கக்கா" என்றார் தளவாய். அம்மையாரால் விட முடியவில்லை. வாய்விட்டுச் சொன்ன பிறகும், சொல்லாமல் இருந்த அந்த ஒரு நாள் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இந்தக் கையால் இனி சாமிக்கு எதுவும் வைக்கக் கூடாது என்று வெல்லம் படைப்பதையே நிறுத்தினார். வேம்படியைச் சுத்தமாகக் கூட்டுவார். பிள்ளையார் முகத்தை மட்டும் பார்க்க மாட்டார்.

ஒரு நாள் காலையில், வேம்படிப் பிள்ளையாருக்குப் பூசை செய்யும் குருக்கள் அவரைத் தேடி வந்தார்.

"சொப்பனத்துல சுவாமி வந்தார், வடிவம்மா. 'தின்னது என் எலி, அந்தப் பழி எனக்கு. வாய்மூடி நின்ன குத்தத்தை அவளே சொல்லித் தீர்த்துட்டா. நான் பசியோட இருக்கேன், வெல்லம் எங்கேன்னு கேளு'ன்னார். எந்த எலி, என்ன வெல்லம்னு எனக்கு ஒண்ணும் புரியலை."

அம்மையார் வெகுநாள் கழித்துப் பிள்ளையாரை நிமிர்ந்து பார்த்தார். பார்த்து, விம்மி விம்மி அழுதார். எதிர்க்கடையில் வெல்லம் வாங்கி வந்து படைத்தார். பிறகு அதில் ஒரு துணுக்கும் எலிக்கு மிச்சம் விடாமல் எடுத்து, வேலைக்கு வந்துகொண்டிருந்த தளவாயை நிறுத்திப் பாதியை அவர் கையில் வைத்தார்.

தம் பிழையைப் பிறர் தலையில் ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்கப் பொறுக்காதவர் அவர். அந்தப் பழியைச் சாமியே கேட்டு வாங்கிக்கொண்டார். வடிவம்மையார் கூட்டிய வாசலை நாமும் தொட்டுக் கும்பிடுவோம்.