நிற்கும் தண்ணீர்

மூன்று மலையும் ஒரு காட்டாறும் மட்டுமே கொண்ட ஒரு சின்ன நாடு. உலகப் போட்டிக்கு அது முதன்முதலாக அனுப்பிய ஒரே ஆள், நீச்சல்காரன் செங்கோடன்.

கப்பல் தாமதம். போட்டியன்று காலையில்தான் போய் இறங்கினான். நீச்சல் குளம் என்ற ஒன்றை அன்றுதான் பார்த்தான். ஆற்றில் எதிர்க்கரைக்கு நேராகப் போக வேண்டுமானால் இழுப்பை எதிர்த்து இடப்பக்கம் சாய்ந்து நீந்த வேண்டும். ஆசான் சொல்லிக்கொடுத்தது அது. குளத்திலும் அப்படியே சாய்ந்தான். பக்கத்துக்காரன் பாதையில் போய் விழுந்தான். நீந்தி முடித்ததும் 'செல்லாது' என்று வெளியேற்றிவிட்டார்கள்.

ஊரில் அவனுக்குக் 'கோணல்' என்று பெயர் வைத்தார்கள். நான்கு வருடம் அவன் ஆசானின் முகத்தில் விழிக்கவில்லை.

அடுத்த போட்டிக்குக் கடிதம் வந்தது. ஆசான் ஆள் அனுப்பினார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றே செங்கோடன் போனான்.

ஆற்றங்கரைப் பாறையில் ஆசான் கடிதத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"இந்தத் தடவை யாரைக் கோணலா அனுப்பப் போறீங்க?"

"உட்காரு. அந்தத் தண்ணி எப்படி இருந்தது?"

இதை இதுவரை யாரும் அவனிடம் கேட்டதில்லை.

"நின்னது. இலையைப் போட்டா போட்ட இடத்துலயே கிடக்கும்."

"அது உனக்கு எப்பப் புரிஞ்சது?"

"பன்னிரண்டு கை வீசினப்புறம். அதுக்குள்ள பக்கத்துக்காரன் கால்ல மோதிட்டேன்."

"புரிஞ்சப்புறம்?"

"நேரா நீந்தினேன். கடைசி வரைக்கும். அதை யார் பாத்தாங்க? நீங்க ஏன் முன்னாடியே சொல்லலை?"

"எனக்குத் தெரியாது."

செங்கோடன் பாறையில் உட்கார்ந்தான்.

கடிதத்தில் இரண்டு இடம் இருந்தது. நீந்துகிறவர் பெயர், பயிற்சி கொடுப்பவர் பெயர். முதல் இடம் காலியாக இருந்தது. இரண்டாவதில் தன் பெயரை எழுதியிருந்தார் ஆசான். அதை அடித்துவிட்டு, 'செங்கோடன்' என்று எழுதினார்.

"தோத்து வந்தவன் நான்," என்றான் அவன். "என்னை எதுக்கு எழுதறீங்க?"

ஆசான் கடிதத்தை மடித்து அவனிடம் நீட்டினார்.

"நம்ம நாட்டுல நிக்கிற தண்ணியைப் பாத்தவன் நீ ஒருத்தன்தானே."