காவலை விட்ட நீதிபதிகள்

காலை ஏழு மணி. நீதிபதிகள் எட்டுப் பேர். குற்றம் சாட்டப்பட்டவள் மின்னி என்ற அணில்.

தாமரைக் குளத்தின் கோரைப் புதரில் நீர்க்கோழிகள் முட்டையிடும் காலம் அது. காட்டு மிருகங்களும் பறவைகளுமாக ஒன்பது பேர் படை சேர்ந்து, கரையைச் சுற்றி ஆளுக்கொரு இடத்தில் காவல் காத்தார்கள். முந்தின நாள் மின்னி காவல் மரத்தை விட்டு இறங்கி நாவல் பழம் பொறுக்கப் போய்விட்டாள். காவலை விட்டவருக்குப் படையில் இடமில்லை என்பது விதி. அவள் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்ந்த படை அது.

சக வீரர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்தால்தான் தீர்ப்பு செல்லும். இதுவும் விதி. ஆகவே எட்டுப் பேரும் மருத மரத்தடியில், குளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். மின்னி எதிரே ஒரு புற்றின் மேல் நின்றாள்.

கேட்காமல் வாய் திறந்தால் அது தனிக் குற்றம் என்று தளபதி கடமான் எச்சரித்தார். எத்தனை பழம் தின்றாள் என்று கொக்கு விசாரித்தது. பதிமூன்று என்றதும் முயல் எச்சில் விழுங்கியது.

அப்போதுதான் மின்னி பார்த்தாள். வடகரைக் கோரைக்குள் நரியின் வால் நகர்ந்தது. பேசினால் இரண்டாவது குற்றம். பேசாவிட்டால் முட்டைகள் போச்சு.

"ஐயா, நரி!"

"உன் முறை இன்னும் வரவில்லை," என்றார் தளபதி.

"என் முறை வரும்போது முட்டை இருக்காது ஐயா. வடகரையைப் பாருங்கள்."

எட்டுத் தலைகளும் திரும்பின. வடகரை யார் பொறுப்பு என்று கேட்டார் தளபதி.

"என் பொறுப்புதான்," என்றது ஆமை. "நான்தான் நியாயம் சொல்ல இங்கே வந்துவிட்டேனே!"

எருமை பாய்ந்து ஓடியது. மற்றவர்கள் பின்னாலேயே ஓடினார்கள். நரி சேற்றில் குப்புற விழுந்து, வாலெல்லாம் பாசியோடு தப்பி ஓடியது. ஒரு முட்டைகூடப் போகவில்லை.

நீதிமன்றம் மறுபடி கூடியது. தளபதி தீர்ப்புச் சொன்னார்.

"காவலை விட்டவர்களை நீக்கினால் இன்று படையில் யாருமே மிஞ்ச மாட்டோம். தண்டனையை மாற்றுவோம். ஒரு நாள் கரைக்கு மண் சுமக்க வேண்டும். என் பெயரை முதலில் எழுதுங்கள்."

ஒன்பது பேரும் பாட்டும் கேலியுமாக மண் சுமந்தார்கள். ஆமை ஏற்றிய ஈர மண் கரை சேர்வதற்குள் காய்ந்தே போனது. கேட்காமல் பேசிய குற்றத்தை யாரும் எடுக்கவில்லை.

அடுத்த விசாரணை ஆவணி நான்காம் தேதி நடந்தது. எல்லாரும் உட்கார வேண்டும் என்ற விதியை மாற்றியிருந்தார்கள்; மூன்று பேர் வழக்கைக் கேட்டார்கள், ஐந்து பேர் காவலில் நின்றார்கள்.

பிறர் தவறை விசாரிக்க உட்காரும் முன், தன் கடமை கவனிப்பாரற்றுக் கிடக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.