மேற்கோள் தேவைப்பட்ட வித்துவான்

கொன்றைக்கோட்டை ராஜாவுக்கு நாடு சின்னது, சிம்மாசனம் பெரியது. அரண்மனைக்கு வைஃபை வந்த நாளிலிருந்து அவருக்கு மந்திரியும் வைத்தியரும் தேவைப்படவில்லை. அவை வித்துவான் மாசிலாமணி ஒருவரே போதும். எதைக் கேட்டாலும் செல்போனை எடுப்பார், இணையக் கலைக்களஞ்சியத்தில் முதல் நாலு வரியைப் படிப்பார். ஐந்தாவது வரியை அவர் பார்த்ததாக யாரும் சொன்னதில்லை. இதற்குப் பெயர் ஆராய்ச்சி. இதற்குப் பட்டுச் சால்வை வேறு. அந்தக் களஞ்சியத்தில் அவரைப் பற்றியும் ஒரு பக்கம் உண்டு. எழுதியவர் அவரே.

பட்டத்து யானை வடிவுக்குப் பாதத்தில் புண் வந்தது. வித்துவான் படித்தார்: "மயில்துத்தம் கரைத்த நீர் ஒரு குடம் குடிக்கக் கொடுக்கவும்."

பாகன் சடையாண்டி குடத்தைத் தொட மறுத்தான். "மகாராஜா, அது விஷம். குடிச்சா வடிவு செத்துப்போவா."

"ஆயிரம் பேர் கூடி எழுதுற களஞ்சியம் பொய் சொல்லுமா? இவன் எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சான்?" என்று சிரித்தார் வித்துவான்.

ராஜா தீர்ப்புச் சொன்னார். நாளை மதியத்துக்குள் யானை மருந்தைக் குடிக்க வேண்டும். இல்லையென்றால் சடையாண்டி வெளியே போகட்டும், வேறு ஆள் புகட்டுவான்.

ராஜாவுக்கு மனுக்களை வாசித்துக் காட்டும் மந்தாரை இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தன் செல்போனில் அதே பக்கத்தைத் திறந்து கடைசி வரை போனாள். அடிக்குறிப்பில் ஒரு கால்நடை மருத்துவரின் புத்தகமும் பக்க எண்ணும் இருந்தன. அந்தப் புத்தகம் அரண்மனை நூலகத்திலேயே தூசி படிந்து கிடந்தது. "கரைசலில் பாதத்தை நனைக்கவும். உள்ளே போனால் உயிருக்கு ஆபத்து" என்று அதில் தெளிவாக இருந்தது. பக்கத்தை யார், எப்போது திருத்தினார்கள் என்று காட்டும் வரலாற்றைத் தட்டினாள். போன வாரம் வரை களஞ்சியத்திலும் "நனைக்கவும்" என்றுதான் இருந்திருக்கிறது. பெயரில்லாத எவனோ மாற்றிவிட்டுப் போயிருக்கிறான்.

புத்தகத்தோடு ராஜாவிடம் ஓடினாள். "ஒரே ஆள் எழுதின புத்தகம் பெரிசா, ஆயிரம் பேர் பெரிசா?" என்றார் வித்துவான். ராஜா தலையாட்டினார். வரலாற்றுப் பக்கத்தைப் பார்க்க இருவருக்குமே பொறுமை இல்லை.

மந்தாரை மேற்கொண்டு வாதாடவில்லை. வெளியே வந்து செல்போனில் எதையோ தட்டினாள்.

மறுநாள் காலை அவையில் வித்துவானின் ஆசனத்தில் அவருடைய படம் இருந்தது. படத்துக்கு மாலை, பக்கத்தில் ஊதுபத்தி.

"இதென்ன கூத்து?" என்றபடி வந்தார் வித்துவான்.

மந்தாரை செல்போனை ராஜாவிடம் நீட்டினாள். "அவை வித்துவான் மாசிலாமணி சென்ற ஆடியில் காலமானார்" என்று ராஜா உரக்கப் படித்தார். பிறகு எதை நம்புவதென்று தெரியாமல் வித்துவானையும் செல்போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் எதிர்லயே நிக்கிறேனே மகாராஜா."

"யானை பக்கத்துலயே நிக்கிற பாகன் சொன்னதை நீங்க நம்பலையே ஐயா" என்றாள் மந்தாரை. "ஆயிரம் பேர் எழுதுற களஞ்சியம் பொய் சொல்லுமா? மகாராஜா, மதியப் பந்தியில இவர் இலையை எடுத்துடலாமா?"

தன் சாப்பாட்டுக்கே ஆபத்து என்றதும் வித்துவானின் குரல் உயர்ந்தது. "எவனோ வேலையத்தவன் எழுதினதை நம்பி, கண்ணெதிரே இருக்கிற உயிரைக் கொல்றதா?"

தான் சொன்னது தன் காதிலேயே விழ, வித்துவான் வாயை மூடிக்கொண்டார்.

"அதைத்தான் சடையாண்டி நேத்துக் கேட்டான்" என்றாள் மந்தாரை. "இதை எழுதின வேலையத்தவ நான்தான் மகாராஜா. வரலாற்றைத் தட்டினா என் பேரு, நேரம் எல்லாம் இருக்கு. களஞ்சியத்து மேல பழி இல்லை. யாரைப் போய்க் கேட்கணும்னு அது அடியில சொல்லிடுது. வித்துவான்தான் அடி வரைக்கும் போறதே இல்லை."

ராஜா புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைத் தானே படித்தார். குடத்து நீரைத் தொட்டியில் ஊற்றி வடிவின் காலை நனைக்கச் சொன்னார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். பட்டுச் சால்வை சடையாண்டியின் தோளுக்குப் போனது. மந்தாரை யானைப் பக்கத்தைப் பழையபடி திருத்தினாள்.

"நான் செத்துட்டேன்னு இருக்கிறதையும் அழிம்மா" என்றார் வித்துவான்.

"அழிச்சிடலாம் ஐயா. ஆனா நீங்க உயிரோட இருக்கீங்கன்னு எழுத மேற்கோள் வேணுமே. யாராவது நேர்ல பார்த்துச் சொல்லணும்."

வித்துவான் அவையைச் சுற்றிப் பார்த்தார். ராஜா சிரித்துக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள். கடைசியில் அவர் பாகனிடம் போய்க் கைகூப்பினார்.

"சடையாண்டி, நான் உயிரோட இருக்கேன்னு நீ ஒரு வார்த்தை சொல்லுப்பா."

சடையாண்டி அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"நான் எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சேன் ஐயா?"