ஆட்டை விழுங்கிய வெள்ளிப் புலி

கடவுள் புத்தியைப் பங்கிட்டுக் கொடுத்த அன்று, மண்ணாங்குடியில் மூன்று அண்ணன் தம்பிகள் மட்டும் அசந்து தூங்கிவிட்டார்கள். மூத்தவர் ஆண்டியப்பன், அடுத்தவன் சோலையப்பன், கடைக்குட்டி குப்பமுத்து. தங்கமான மனிதர்கள்தான். எறும்பு குறுக்கே வந்தால் நின்று வழிவிடுவார்கள்.

ஆண்டியப்பனுக்கு நாற்பத்தொரு வயது. பெண் பார்க்கப் போன வீட்டிலெல்லாம் பஜ்ஜியோடு சரி. கடைசியாகக் காரைக்குடி தேனப்பன், தன் மகள் விசாலத்தைக் கொடுக்க ஒத்துக்கொண்டார். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தல்ல, அவர் வீட்டுப் பெட்டியைப் பார்த்து. பினாங்குப் பெரியப்பா சீனப் புத்தாண்டுதோறும் ஒன்றாக அனுப்பிய பன்னிரண்டு வெள்ளி நாணயங்கள் அதில் இருந்தன. எலி, மாடு, புலி, முயல், டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என்று சீனர்கள் ஆண்டுக்கொன்றாக வைத்திருக்கும் மிருகங்கள் நாணயத்துக்கொன்றாகப் பொறித்து, ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியில். தேனப்பனுக்கு நாணயம் சேர்ப்பதில் பித்து.

"வெள்ளிக்கிழமை வர்றேன். அதுவரைக்கும் கை படாம பாத்துக்குங்க. பன்னெண்டுல ஒண்ணு குறைஞ்சாலும் கல்யாணம் கிடையாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

கை படக்கூடாது என்றால் படக்கூடாதுதான். மறுநாள் காலை பெட்டியைத் துடைப்பதற்காக, நாணயங்களை முழங்கையால் தள்ளித் தள்ளி வெளியே எடுத்தார்கள். குதிரையைச் சோலையப்பன் மூக்காலேயே நகர்த்தினான். அந்த அமளியில் ஆடு வழுக்கி, குந்தியிருந்த குப்பமுத்துவின் வேட்டி மடிப்பில் போய் விழுந்தது. நாம் பார்த்தோம். அவர்கள் பார்க்கவில்லை.

திரும்ப அடுக்கிப் பார்த்தால் ஆட்டின் குழி காலி. விசாலத்தை ஆண்டியப்பன் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தார். அதற்கே ஒரு மாதமாகத் தூக்கமில்லை. தூணைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டார்.

அழுது முடித்ததும் மூவரும் உட்கார்ந்து நிதானமாக விசாரித்தார்கள். மாடும் முயலும் புல் தின்பவை, விட்டாயிற்று. பாம்பின் வயிறு ஒட்டிக் கிடந்தது. டிராகன் என்ன சாப்பிடும் என்று யாருக்கும் தெரியாததால் சந்தேகத்தின் பலன் அதற்குக் கொடுக்கப்பட்டது. மிச்சம் புலி.

"பக்கத்துலயே முயல் இருக்கே. அதை விட்டுட்டு ஆட்டுக்கு ஏன் போகணும்?" என்றான் சோலையப்பன்.

"முயல் பத்தாத பசியா இருந்திருக்கும்ணே," என்றான் குப்பமுத்து.

வெறும் சந்தேகத்தில் ஓர் உயிரைத் தண்டிப்பது பாவமல்லவா? எடை போட்டுப் பார்க்க மளிகைக் கடைக்கு ஓடினார்கள். புலியை ஆண்டியப்பன் பல்லில் கவ்விக்கொண்டார், மாட்டைச் சோலையப்பன். கடைத் தராசின் ஒரு தட்டில் புலி, மறு தட்டில் மாடு. முள் நடுவில் அசையாமல் நின்றது.

"ஒரு மாட்டு எடைக்குப் புலி நிக்குதுன்னா, உள்ள ஆடு இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றார் ஆண்டியப்பன். கடைக்காரர் தராசை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

அங்கிருந்து நேராக ஆசாரியின் பட்டறை. ஆட்டை உயிரோடு எடுத்தாக வேண்டும். நல்ல வெள்ளியைப் பாழாக்க வேண்டாம் என்று ஆசாரி கெஞ்சிப் பார்த்தார்.

"உங்க வீட்டு ஆடா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?" என்று ஆண்டியப்பன் கண் கலங்கினார்.

அதற்குமேல் மனிதர் என்ன செய்வார்? உளியை வைத்து ஓங்கி ஒரு அடி. புலி இரண்டு துண்டானது. அந்தச் சத்தத்தில் குப்பமுத்து துள்ளிக் குதிக்க, வேட்டி மடிப்பிலிருந்த ஆடு 'டிங்' என்று தரையில் விழுந்து உருண்டோடி ஆண்டியப்பன் காலடியில் நின்றது.

மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு பட்டறையைச் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். ஆசாரியையும் இழுத்து ஆட வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் செரித்துப் போயிருக்கும் என்றான் சோலையப்பன். ஆட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு பல் தடம்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை தேனப்பன் வந்தார். பூதக்கண்ணாடியும் கையுமாகப் பெட்டியைத் திறந்தவர், புலியின் குழியில் கிடந்த இரண்டு பாதிகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"குறையல மாமா. ஒண்ணு கூடத்தான் இருக்கு," என்றான் குப்பமுத்து.

தேனப்பன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். பெண்ணைப் பெற்றவர், மகளை நினைத்துக் கலங்குகிறார் போலும் என்று ஆண்டியப்பனின் மனம் இளகிவிட்டது. கிட்டே போய் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"கவலைப்படாதீங்க மாமா. இந்த வீட்டுல இருந்த ஒரே புலியையும் வெட்டியாச்சு. விசாலத்தைத் தைரியமா அனுப்பி வைங்க."